கணுக்கால் வரை ஒழுக்கம்

வருகிற சனிக்கிழமையோடு பொம்மலாட்டக் கொட்டகையை இழுத்து மூடிவிடுவது என்று முழக்கோல் பல் துலக்கும்போதே முடிவு செய்துவிட்டார். வாய் கொப்பளிப்பதற்குள் அது சபதமாகிவிட்டது.

முழக்கோல் என்பது ஊர் வைத்த பெயர். நகரசபையில் அவர் கேளிக்கை மேற்பார்வையாளர். சினிமா வராத காலம் அது. ஊருக்குள் யார் ஆடினாலும் பாடினாலும் நகரசபை அனுமதி வேண்டும். மேடையில் நாயகனும் நாயகியும் மூன்று முழம் தள்ளித்தான் நிற்க வேண்டும். பார்ப்பவர்கள் விசிலடிக்கக் கூடாது. சிரிக்கலாம், பல் தெரியக் கூடாது. இத்தனையையும் எழுதியவர் அவர்தான். அவர் போடும் சாம்பல் நிறக் கோட்டின் பையில் எப்போதும் அளவுநாடா இருக்கும். அவரைக் கண்டால் ஊரே நடுங்கும். வீட்டில் மட்டும் நடுங்குகிற வேலையை அவரே பார்த்துக்கொண்டார்.

கொட்டகை மேல் என்ன கோபம்? அங்கே ஒரு மனைவி பொம்மை, ஒரு கணவன் பொம்மை. மனைவி அதட்டுவாள். கணவன் கட்டிலுக்கு அடியில் ஒளிவான். அந்த இடம் வந்தால் கொட்டகை முழுக்கத் திரும்பி முழக்கோலைப் பார்க்கும். போன வாரம் ஒருவர் கைகூடத் தட்டினார், மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

இதைப் போய் நகரசபையில் புகாராகச் சொல்ல முடியுமா? அளவுநாடாவை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பதினொரு பொம்மைகளையும் வரிசையாகப் படுக்கவைத்து அளந்தார்.

"மனைவிக்குப் பாவாடை நாலு விரல் குறையுது. கணவனுக்கு மேல்சட்டையே இல்லை. ஊர் என்னத்துக்கு ஆகும்?"

"மரக்கட்டைங்க ஐயா," என்றாள் பொம்மலாட்டக்காரி.

"பார்க்கிறவன் மரக்கட்டை இல்லையே! சனிக்கிழமை நகரசபைத் தலைவரைக் கூட்டிட்டு வருவேன். எல்லாம் ஒழுங்கா உடுத்தியிருக்கணும். இல்லேன்னா பூட்டுதான்."

நாலு நாளில் பதினொரு பொம்மைக்கு ஒற்றை ஆளாக அவளால் தைக்க முடியாது. புருஷன் போன பிறகு அந்தக் கொட்டகைதான் அவளுக்குச் சோறு. அது முழக்கோலுக்கும் தெரியும். கொஞ்சம் உறுத்தியது. தெருமுனை திரும்பியதும் உறுத்தல் நின்றுவிட்டது.

வீட்டில் மனைவி கூடத்தின் நடுவே பாத்திரம் வைத்துக்கொண்டிருந்தாள். மழை.

"ஒழுக்கம் இல்லாத இடத்தை மூடப்போறேன்!" என்று நிமிர்ந்து நின்றார்.

"ஒழுக்கு இருக்கிற இடத்தை எப்போங்க மூடப்போறீங்க?" அவள் கூரையைக் காட்டினாள்.

"அது வேற துறை." விஷயத்தைச் சொன்னார்.

அவள் பாத்திரத்தை நகர்த்தினாள். "எவ்வளவு துணி இருந்தா ஒழுக்கம்?"

"கழுத்திலேர்ந்து கணுக்கால் வரைக்கும்."

"பித்தான்?"

"ஒண்ணு விடாம போடணும். என்னைப் பாரு! என்னை மாதிரி உடுத்தியிருந்தா எந்தப் பொம்மையையும் தடுக்க மாட்டேன்."

"இப்போ சொல்வீங்க. தலைவர் முன்னாடி அளவை மாத்திடுவீங்க."

"நானா? என் பேச்சு நூல் பிடிச்ச மாதிரி இருக்கும்!"

"அப்போ எழுதிக் கொடுங்க. பாவம், அவகிட்ட காட்டலாம்."

எழுதினார். கையெழுத்து, முத்திரை, அடியில் ஒரு கோடு.

"எழுத்து முத்து முத்தா இருக்கு," என்றாள் மனைவி. அடுத்த நாலு நாளும் முழக்கோல் நெஞ்சை நிமிர்த்தியே நடந்தார். அவர் அலுவலகம் போனதும் அவள் கத்தரிக்கோலோடு எங்கோ போய்வந்தாள். எங்கே என்று அவர் கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லை.

சனிக்கிழமை மாலை. தலைவர் முன்வரிசை, பக்கத்தில் முழக்கோல். திரை விலகியது. பத்துப் பொம்மைகள் கழுத்து முதல் கணுக்கால் வரை மூடிக்கொண்டு வந்தன. கடைசியாகக் கணவன் பொம்மை. சாம்பல் நிறக் கோட்டு. பித்தளைப் பித்தான்கள். பையில் ஒரு குட்டி அளவுநாடா. துணி எங்கேயோ பார்த்த துணி. அவருடைய பழைய கோட்டின் இடது கை!

கொட்டகை அதிர்ந்தது. பல் தெரியாமல் சிரித்தவர் ஒருவரும் இல்லை.

"நிறுத்து! இது ஒழுக்கக்கேடு!" முழக்கோல் துள்ளி எழுந்தார்.

பொம்மலாட்டக்காரி வெளியே வந்து தலைவரிடம் ஒரு தாளை நீட்டினாள். தலைவர் உரக்க வாசித்தார்: "'மேற்பார்வையாளரைப் போல் உடுத்திய எந்தப் பொம்மையையும் தடுப்பதற்கில்லை.' உங்க கையெழுத்துதானே? அப்போ கேடு எதில இருக்கு? கோட்டிலயா, போட்டவர்கிட்டயா?"

முழக்கோல் உட்கார்ந்தார். ஆட்டம் தொடர்ந்தது. மனைவி பொம்மை, "ஏங்க, கட்டிலுக்கு அடியில என்ன அளக்கறீங்க?" என்று அதட்டியது. அந்தக் குரல் கேட்டதும் முழக்கோல் தானாகவே இருக்கைக்கு அடியில் குனிந்தார். தலைவர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

ஆட்டம் முடிந்ததும் தலைவர் மேடைக்குப் பின்னால் போனார். முழக்கோலும் ஓடினார். பொம்மலாட்டக்காரி நூல்களைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள் முழக்கோலின் மனைவி.

"மனைவி பொம்மைக்குப் பேசினது நீங்களா? எங்கேம்மா பழகினீங்க?" என்றார் தலைவர்.

"வீட்டிலதாங்க."

"பிரமாதம்! அடுத்த மாசம் நகரசபை ஆண்டு விழாவுக்கு இதையே போடுங்க. கணவன் குரல்தான் பொருந்தலை. இவங்க பேசினா பொம்பளைக் குரலாவே இருக்கு."

"அதுக்குப் பொருத்தமான ஆள் இருக்காருங்க," என்றாள் மனைவி. "ரெண்டே வார்த்தை வசனம். 'சரிம்மா'ன்னு சொல்லணும், அப்புறம் இன்னொரு தடவை 'சரிம்மா'ன்னு சொல்லணும்."

தலைவர் முழக்கோலைப் பார்த்தார். "முடியுமா?"

முழக்கோல் மனைவியைப் பார்த்தார்.

"சரிம்மா," என்றார்.