நண்டுக் கம்பத்தடியில் நின்ற வண்டி

பெருவழி நாட்டில் வண்டி நிறுத்துவது ஒரு காலத்தில் குடிமக்களின் உரிமையாக இருந்தது. தலைநகரின் ஒரே கடைத்தெருவில் உப்பு, கயிறு, கருவாடு வாங்க வண்டியை நிறுத்துவார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆட்சியைத் தேர்ந்தெடுப்பதும் அப்படித்தான். தெருவில் இரண்டு கொடிக்கம்பங்கள் உண்டு. தேர்தலன்று உச்சிவேளையில் முரசு ஒலிக்கும்போது, வரிசையின் முதல் வண்டி எந்தக் கம்பத்தடியில் நிற்கிறதோ, அதன் பின்னால் நிற்கும் வரிசை முழுவதும் அந்தக் கொடிக்குச் சேரும்.

அதிபதி செம்பியதரையருடையது மயில் கொடி. எதிரில் ஒருவர் நின்றே ஆகவேண்டும் என்று சட்டம் இருந்ததால், நண்டுக் கொடியைத் தன் மைத்துனர் உலகளந்தானிடம் கொடுத்து, வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருந்தார்.

அதிபதி தெருவை அழகாக்கினார். பொய் சொல்லக் கூடாது, அது அழகாகத்தான் இருந்தது. தெருவின் இருபுறமும் பளிங்குத் தாமரைகள், நடுவில் ஒரே ஒரு வண்டி செல்லும் அளவுக்கு வழி. ஒரு திசையில் மட்டுமே போகலாம். முந்தவும், திரும்பவும், நிற்கவும் கூடாது. வண்டிகளை நிறுத்திவைக்க, அரைக் காதம் தள்ளி, ஏழு மாடி மாளிகை எழுந்தது. அதன் உச்சியில் நிற்கும் மாடு கீழிருந்து பார்த்தால் எறும்பாகத் தெரியும். அண்ணாந்து பார்த்தவர்கள் வந்த வேலையை மறந்து ஊர் திரும்பினார்கள்.

கடைகளில் ஈ ஓட்டினார்கள். வெறிச்சோடிய கடை தெருவின் அழகைக் கெடுப்பதாக அடுத்த ஆணை வந்தது. தொண்ணூறு நாள் விற்பனை இல்லாத கடைக்கு அரக்கு முத்திரை வைத்துப் பூட்டுவார்கள். கயிற்றுக்காரர் உப்பும் உப்புக்காரர் கயிறும் வாங்கித் தப்பினார்கள். எனவே, சரக்கு கடைத்தெருவின் எல்லையில் இருக்கும் வாசலைத் தாண்டினால்தான் விற்பனை என்று திருத்தம் வந்தது.

சிலம்பாயி நண்டுக் கம்பத்துக்கு நேர் எதிரே ஆட்டுக்கல் விற்பவள். வீதி அமைச்சர் பூவராகனிடம் மனுவோடு போனாள்.

"ஐயா, ஆட்டுக்கல்லைத் தோள்ல வச்சுக்கிட்டு அரைக்காதம் நடப்பாங்களா? கடைவாசல்ல வண்டி நிக்க விட்டாப் போதும்."

"கவலை வேண்டாம் அம்மணி. கல்லின் எடையைக் குறைப்பது பற்றி ஆராயக் குழு அமைத்திருக்கிறோம்."

"கல்லு எடை கொறஞ்சா மாவு எப்படிய்யா அரையும்?"

"அதற்குத் தனிக் குழு."

அவளுடைய தொண்ணூறாம் நாள் தேர்தல் நாளாக வந்தது. அன்று நிற்க அனுமதி பெற்றவை மயில் முத்திரை பதித்த இருநூற்றுப் பன்னிரண்டு ரதங்கள் மட்டுமே. அவை ஊர்வலமாக வந்து, கீழ்க்கோடியில் இருக்கும் மயில் கம்பத்தடியில் உச்சிவேளைக்கு நிற்பதாக ஏற்பாடு.

அவற்றுக்கு முன்னால் ஒரு கட்டைவண்டி வந்தது. ஓட்டிவந்த ஒண்டியப்பன் வெளியூர்க்காரன். ஆணை எதுவும் தெரியாதவன். கல் கடையைக் கண்டதும் நிறுத்தினான்.

"அக்கா, பலகாரக் கடை போடறேன். நல்லதா ஒரு ஆட்டுக்கல்லு குடு."

"நின்னா பிடிச்சுக்குவாங்கண்ணே."

"அப்ப பேசிட்டு நிக்காம ஒரு கை பிடி."

அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் நால்வர் ஓடிவந்தார்கள். கல் பாதி ஏறியபோது பின்னால் சங்குகள் முழங்கின.

"எடு வண்டியை!" என்றார் முதல் ரதத்தில் இருந்த பூவராகன்.

"எடுக்கறேன் சாமி. கல்லு பாதி தொங்குது. உழுந்தா உங்க தாமரைதான் உடையும்."

"சுற்றிக்கொண்டு போ!" என்று பின்னாலிருந்து அதிபதியின் குரல் கேட்டது.

"முந்தக் கூடாது பிரபு. தங்கள் ஆணை" என்றார் பூவராகன்.

"பின்னால் எடு!"

"அதுவும் கூடாது பிரபு."

முரசு ஒலித்தது.

வெயிலில் மின்னிய இருநூற்றுப் பன்னிரண்டு ரதங்களும், அதிபதி உட்பட, நண்டுக் கொடிக்கு வரிசைகட்டி நின்றன. எண்ணும் அதிகாரி இருமுறை எண்ணினார். கட்டைவண்டியோடு சேர்த்து இருநூற்றுப் பதின்மூன்று. மயிலுக்கு ஒன்றுமில்லை.

எண்ணெய்க் குளியலில் இருந்த உலகளந்தானைத் துண்டோடு அழைத்துவந்து அரியணையில் அமர்த்தினார்கள். அவர் நெகிழ்ந்துபோனார்.

"நின்ற வண்டிகளே என்னை வெல்ல வைத்தன. இனி அவை அசையக் கூடாது" என்பது அவரது முதல் ஆணை. காவலர்கள் சக்கரங்களுக்குச் சங்கிலி பூட்டினார்கள்.

மாலையில் அரக்கு உருக்கும் விளக்கோடு முத்திரைக்காரர் வந்தார்.

"கல்லு வண்டியில ஏறிருச்சே ஐயா" என்றாள் சிலம்பாயி.

"தெருவின் வாசலைத் தாண்டவில்லையே."

அந்த வாசல் இருபது அடி தூரத்தில் இருந்தது. ஒண்டியப்பன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"அக்கா, வண்டிதானே அசையக் கூடாது?"

ஆறு பேரும் கல்லை இறக்கி உருட்டினார்கள். ஒவ்வொரு புரளலுக்கும் பளிங்கு நொறுங்கியது. ரதங்களில் இருந்த பெரிய மனிதர்கள் எழுந்து நின்று, ஒரு கல் நகர்வதை முதன்முறையாகப் பார்த்தார்கள். அது வாசலைத் தாண்டியதும் முத்திரைக்காரர் ஏட்டில் எழுதிக்கொண்டு விளக்கை அணைத்தார்.

சிலம்பாயியின் கடைக்கு இன்னும் தொண்ணூறு நாள் உண்டு. மனுவில் அவள் கேட்டதும் கிடைத்துவிட்டது. இப்போது அவள் கடைவாசலில் வண்டிகள் நிற்கின்றன. அவற்றில் உட்கார்ந்திருப்பவர்கள் வீட்டில் யாரும் மாவு அரைப்பதில்லை.