ஆகாயப் பாம்புக்கு வரிசை இந்தப் பக்கம்

ஒரு காட்டில், அந்தக் காட்டையே வெட்டிச் சாய்த்துவிட்டு, காடு மாதிரியே ஒரு தீம் பார்க் கட்டியிருந்தார்கள். மரங்கள் ஃபைபர். பாறைகளுக்கு உள்ளே ஒன்றுமில்லை. அருவி காலையில் ஸ்விட்சைப் போட்டால் விழும், சாயங்காலம் அணைத்தால் நின்றுவிடும். முன்பு அங்கே சும்மா குடியிருந்த மிருகங்களுக்கெல்லாம் சீருடை தைத்துக் கொடுத்து, அதே இடத்தில் வேலையும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதற்காக வருஷா வருஷம் நன்றி விழா நடக்கும். நன்றி சொல்ல வேண்டியது மிருகங்கள்.

அந்தப் பார்க்கின் பெயர் குதூகல வனம். அங்கே சுருளாண்டி என்றொரு அழுங்கு வேலை பார்த்தார். அழுங்கு என்றால் உடம்பெல்லாம் செதில் போர்த்திய, எறும்பு தின்கிற, ரொம்பக் கூச்சப்படுகிற பிராணி. பயந்துவிட்டால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். மிருகம்தானே, ‘அது’ என்று எழுதினால் என்ன என்று கேட்பீர்கள். மாதச் சம்பளத்துக்காக நாள் முழுக்க நின்றுகொண்டே சிரிக்கிற ஒருவரை ‘அது’ என்று எழுத நமக்குக் கை வரவில்லை. அவர் என்றே வைத்துக்கொள்வோம்.

சுருளாண்டியின் வளை இருந்த இடத்தில்தான் இப்போது ‘ஆகாயப் பாம்பு’ நின்றது. வானத்தில் நெளிந்து, வளைந்து, தலைகீழாக ஒரு சுற்றுச் சுற்றி, ஏறினவர்களைக் கதறக் கதற இறக்கிவிடும் ரயில் அது. அதற்கு நிற்கிற வரிசையை ஒழுங்காக நகர்த்துவது அவர் வேலை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவருக்குச் சிரிப்புப் பயிற்சி கொடுத்தார்கள். வருகிறவர்கள் வாடிக்கையாளர்கள் இல்லையாம், விருந்தாளிகளாம். விருந்தாளியைக் கண்டால் பல் தெரியச் சிரிக்க வேண்டுமாம். அழுங்குக்குப் பல்லே கிடையாது.

“எனக்குப் பொறப்புலேயே பல்லு இல்லைங்க” என்றார் சுருளாண்டி.

“இங்க ‘இல்லை’ங்கிற வார்த்தையே இல்லை” என்று பயிற்சியாளர் அவருக்கு முதல் எச்சரிக்கையைக் கொடுத்தார்.

பிறகு ஸ்டோரிலிருந்து ஒரு பல்செட் வந்தது. யாரோ ஒரு முதலைக்காக வாங்கியது. முதலைக்கு எதற்குப் பல்செட் என்று யாரும் கேட்கவில்லை. முதலையும் கேட்காமல் ராஜினாமா செய்துவிட்டுப் போயிருந்தது. அந்தப் பல்லைத்தான் சுருளாண்டி காலையில் மாட்டிக்கொண்டு சாயங்காலம் கழற்றுவார். மாட்டினால் முகம் தானாகவே சிரிக்கும். சாப்பிட முடியாது, தும்ம முடியாது, நிம்மதியாகக் கொட்டாவி விடக்கூட முடியாது.

‘பழுது’, ‘தெரியாது’, ‘முடியாது’ ஆகிய சொற்களுக்கும் அங்கே தடை. வேலை நேரத்தில் சுருண்டுகொண்டால் அரை நாள் சம்பளம் பிடித்தம். சுருண்டே தீர வேண்டுமென்றால் பொய்ப் பாறைக்குப் பின்னால் இருக்கிற ‘பணியாளர் மட்டும்’ கதவைத் திறந்துகொண்டு போக வேண்டும். அங்கே முயல் வேஷம் போட்ட கரடி முயல் தலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். வெளியே வரவேற்புப் பாட்டு விடாமல் ஓடும். அந்தப் பாட்டு சுருளாண்டியின் கனவிலும் ஓடியது. ஒருநாள் ஒரு மான் அம்மாள் வந்து, வெயில் பிள்ளையின் முகத்தில் அடிக்கிறது, அதைக் கொஞ்சம் திருப்பி வையுங்கள் என்றார். “உடனே சொல்லிடுறேங்க விருந்தாளி” என்று சுருளாண்டி சிரித்தார். வேறு என்ன செய்வார், பல் அப்படி.

இத்தனையையும் அவர் பொறுத்துக்கொண்டது மகளுக்காக. செதிலழகி என்று பெயர். ஆகாயப் பாம்பில் ஏற வேண்டும் என்பது அவளுக்கு ஒரே ஏக்கம். பணியாளரின் பிள்ளைக்கு வருஷத்துக்கு ஒரு நாள் இலவச பாஸ் உண்டு. பண்டிகை கிடையாது, ஞாயிற்றுக்கிழமை கிடையாது, அவர்களாகப் பார்த்து ஒரு நாளைச் சொல்வார்கள். போன வருஷம் வந்தபோது எட்டினால்தான் ஏற்றுவார்கள் என்று வரிசையின் வாசலில் நட்டிருந்த உயரக் கோலுக்கு ஒரு செதில் அளவு குறைந்துவிட்டது. அழுதுகொண்டே திரும்பினாள். அப்போதிருந்து நிமிர்ந்து நிமிர்ந்து நடந்து, வாலை ஊன்றி எழும்பி, இந்த வருஷம் கோலைத் தொடுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டாள். இன்றைக்குத்தான் அவளுடைய பாஸ். இன்று விட்டால் இனி அடுத்த வருஷம்.

அந்த நாளாகப் பார்த்து ஆகாயப் பாம்பு படுத்துவிட்டது.

மெக்கானிக் மந்தி தண்டவாளத்திலிருந்து இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னது: “பேரிங் போச்சு. வெளியூர்லேருந்து வரணும். இன்னைக்கு நின்னு கும்பிட்டாலும் ஓடாது.”

மேனேஜர் உடும்பு இதைக் கேட்டு முகம் சுளிக்கவே இல்லை. அவர் எதையாவது பிடித்தால் விடமாட்டார். அன்றைக்கு அவர் பிடித்துக்கொண்டது வரிசையை.

“வரிசையைக் கலைச்சா எல்லாரும் பணத்தைத் திருப்பிக் கேப்பாங்க. அதனால வரிசை நகரணும். நகர்ற வரிசையை எவனும் கேள்வி கேக்க மாட்டான். சுருளாண்டி, அந்தக் கயித்தை அவுத்து இப்படிக் கட்டு.”

சுருளாண்டி கட்டினார். வரிசையின் முனை ரயிலுக்குப் போகாமல் ஒரு இருட்டுக் குகைக்குள் போனது. குகையில் புகை போட்டார்கள், மின்விசிறியை வேகமாக வைத்தார்கள். அடுத்து, ரயிலில் பறக்கிற மாதிரி ஃபோட்டோ எடுக்கிற இடம். அதைத் தாண்டினால் மறுபடியும் வரிசையின் வால். முந்தின நாள் பதிவு செய்த அலறலை ஸ்பீக்கரில் போட்டதும், உள்ளே யாரோ ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் நம்பிக்கை வந்துவிட்டது.

“இதெல்லாம் பாவமில்லீங்களா?” என்று சுருளாண்டி மெல்லக் கேட்டார்.

“பல்லு நேரா மாட்டியிருக்கியா பாரு” என்றார் உடும்பு.

கொஞ்ச நேரத்தில் செதிலழகி வந்துவிட்டாள். அம்மா பார்க்கின் சலவைக் கூடத்தில் கரடியின் முயல் உடையைத் துவைத்துக்கொண்டிருந்ததால் தனியாகத்தான் வந்தாள். கழுத்தில் பாஸ் தொங்கியது. உயரக் கோலைத் தொட்டுவிட்டுத் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். வீட்டாரைப் பார்த்துக் கையாட்டக் கூடாது என்பது அங்கே சட்டம். ஆகவே சுருளாண்டி ஆட்டவில்லை.

முதல் சுற்று முடித்து வந்தவள், “அப்பா, இன்னும் எவ்ளோ தூரம்?” என்று கேட்டாள்.

பக்கத்தில் உடும்பு நின்றிருந்தார். “இன்னும் கொஞ்ச நேரம்தாங்க விருந்தாளி” என்றார் சுருளாண்டி. பெற்ற மகளை விருந்தாளி என்று கூப்பிட்டபோது அவர் வாய் கூசியது. பல் மட்டும் கூசவில்லை.

இரண்டாம் சுற்றில் அவள் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தாள். ஆனாலும் முகத்தில் ஆசை குறையவில்லை. “உள்ள எல்லாரும் கத்துறது கேக்குதுப்பா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்றாம் சுற்றில் நின்றுவிட்டாள். “அப்பா, இந்தப் பாறையை முன்னாடியே பாத்தேனே. நான் ஏதாச்சும் தப்பாப் போயிட்டேனா?”

தப்பு தன்னுடையது என்று அவள் நினைத்ததைத்தான் சுருளாண்டியால் தாங்க முடியவில்லை. சொன்னால் வேலை போகும். போகட்டும். முதலையின் பல்லைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, உயரக் கோலைப் பிடித்தபடி ஒரு பாறையின் மேல் ஏறி நின்று கத்தினார்.

“கேளுங்க! ரயில் ஓடலை! பேரிங் போச்சு! காலைலேருந்து நீங்க எல்லாரும் ஒரே எடத்தைச் சுத்திச் சுத்தி வர்றீங்க! வீட்டுக்குப் போங்க!”

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பழைய காலத்து நீதிக்கதையாக இருந்தால் இந்த இடத்தில் மிருகங்கள் கண் திறந்து, உடும்பைத் துரத்திவிட்டு, சுருளாண்டிக்கு மாலை போட்டிருக்கும். அந்தக் காலத்தில் மிருகங்கள் டிக்கெட் வாங்கவில்லை.

“அந்தப் பொண்ணு யாரு?” என்று ஒரு காட்டுப்பன்றி செதிலழகியைக் காட்டிக் கேட்டது. “இவன் செதிலும் அவ செதிலும் ஒரே மாதிரி இருக்கே. எங்களை வெரட்டிவுட்டுட்டு சொந்தப் பொண்ணை மொதல்ல ஏத்தலாம்னு பாக்குறியாய்யா?”

“ஐயோ, ஏர்றதுக்கு ரயிலே ஓடலைங்க” என்றார் சுருளாண்டி.

“ஓடாத ரயிலுக்கு நாங்க காலைலேருந்து நிப்போமா?” என்றது எருமை. “அவ்ளோ முட்டாளாவா தெரியுது எங்களைப் பாத்தா?”

இதற்கு என்ன பதில் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ‘தெரியாது’ தடைசெய்யப்பட்ட சொல் என்பதால் அதையும் சொல்லவில்லை.

வெயிலைத் திருப்பி வைக்கச் சொன்ன அதே மான் அம்மாள் அன்றும் வந்திருந்தார். “சும்மா இருங்க, இதுவும் ஷோதான்” என்றார். “நிக்கிறவங்களுக்கு போரடிக்கக் கூடாதுன்னு நடிக்க வெச்சிருக்காங்க. எவ்ளோ தத்ரூபமா இருக்கு பாருங்க, வாயில ஒரு பல்லுகூட இல்லை!”

அவ்வளவுதான், கூட்டம் கை தட்ட ஆரம்பித்தது. “நெஜமா சொல்றேங்க! என் புள்ளை மேல சத்தியமா சொல்றேன்!” என்று சுருளாண்டி தொண்டை கிழியக் கத்தினார். விசில் பறந்தது. ராட்டினத்துக்கும் படகுக்கும் நின்றிருந்தவர்கள்கூட அந்த வரிசைகளை விட்டுவிட்டு ஓடிவந்து இந்த வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். அவமானமும் பயமும் ஒன்றாக வந்து சுருளாண்டி பாறையின் மேலேயே பந்தாகச் சுருண்டார். சுருண்டதும் பாறையிலிருந்து உருண்டு கீழே விழுந்தார். “ஒன்ஸ் மோர்!” என்றது காட்டுப்பன்றி.

உடும்பு வந்து அவரை அலுவலகத்துக்கு உருட்டிக்கொண்டு போனார். சுருளாண்டி மெல்ல விரிந்து, சட்டைப் பையிலிருந்து பல்லை எடுத்து மேஜைமேல் வைத்தார். “கணக்கை முடிச்சிடுங்க ஐயா.”

உடும்பு அவர் தோளை இறுகப் பிடித்தார். “யோவ், இவ்ளோ நாளா இதை எங்கய்யா வெச்சிருந்த? ஆகாயப் பாம்பு ஓடுன நாள்லகூட இவ்ளோ கூட்டம் நின்னதில்லை. நாளைலேருந்து நீ பர்மனென்ட். தெனம் நாலு ஷோ. அந்தப் புள்ளை மேல சத்தியம் பண்றது இருக்கே, அதை மட்டும் கொஞ்சம் இழுத்துப் பண்ணு. மைக் தர்றேன். பல்லைக் கழட்டுறது ரொம்ப நல்லா இருக்கு, அதை மாத்தவே மாத்தாத.”

“நான் சொன்னது உண்மைங்களே ஐயா.”

“அதனாலதான்யா எடுபடுது” என்றார் உடும்பு. அப்படியே ஃபோனை எடுத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டார். “மந்தி, அந்த பேரிங் வேணாம்னு சொல்லிடு. கரன்ட் மிச்சம்.”

சுருளாண்டி கடைசியாக ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “என் பொண்ணு பாஸை மட்டும் இன்னொரு நாளைக்கு மாத்திக் குடுங்க ஐயா. அவ ஏறவே இல்லை.”

“ஃபோட்டோ எடுத்தாங்கல்ல? அப்ப ஏறினதாத்தான் அர்த்தம்” என்றார் உடும்பு.

அருவியை அணைத்த பிறகு அப்பாவும் மகளும் வீட்டுக்கு நடந்தார்கள். செதிலழகி கையில் அந்த ஃபோட்டோ இருந்தது. மின்விசிறிக் காற்றில் செதில்கள் சிலிர்த்துக்கொண்டு நிற்க, ஏறாத ரயிலில் பறந்துகொண்டிருந்தாள். வழியில் போகிறவர்கள் சுருளாண்டியை அடையாளம் கண்டு வணக்கம் வைத்தார்கள். மகளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

“அப்பா, இன்னைக்குக் கூட்டம் ஜாஸ்தி. அதான் கிட்டப் போக முடியலை. அடுத்த வருஷம் சீக்கிரமே வந்து நின்னா ஏறிடலாம்ல?”

ஊரை ஏமாற்றுவது வேறு, இவளை ஏமாற்றுவது வேறு. சுருளாண்டி பாதையோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மைக் இல்லை, பல் இல்லை, கூட்டம் இல்லை.

“கண்ணு, அப்பா சொல்றதைக் கேளு. அந்த ரயிலு ஓடாதும்மா. அடுத்த வருஷமும் ஓடாது. இனிமே ஓட வுடமாட்டாங்க. நீ எவ்ளோ ஒசரம் வளந்தாலும் அதுல ஏற முடியாது.”

சொல்லும்போதே அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. செதிலழகி அவர் முகத்தையே உற்றுப் பார்த்தாள். பிறகு கைகளை விடுவித்துக்கொண்டு பலமாகத் தட்டினாள்.

“சூப்பர்ப்பா! அங்க பண்ணதைவிட இப்பதான் நல்லா பண்றீங்க. ஆனா கடைசில சுருளணும்ல? அதை மறந்துட்டீங்களே.”

சுருளாண்டி நடுப்பாதையிலேயே சுருண்டுகொண்டார். அவள் சிரித்துக்கொண்டே இன்னும் பலமாகக் கை தட்டினாள்.

நீதி: உண்மையைச் சொல்கிறவரின் வாயை அடைக்காதீர்கள். அவருக்கு ஒரு மைக்கும் நாளைக்கு நாலு ஷோவும் கொடுத்துவிடுங்கள். அப்புறம் அவர் வீட்டிலேயே அவரை யாரும் நம்பமாட்டார்கள்.