லாரியில்லாச் சாலை தேடிய படலம்

கரிசல் சூழ் கோவில்பட்டியில், பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் மணக்கும் மாட்டுத்தீவனக் கடைக்கு வேந்தனாய், தராசே செங்கோலாய், தவிட்டு மூட்டையே அரியணையாய்க் கொலுவீற்றிருந்து, நாற்பத்து நான்காம் அகவையில் கியர் வைத்த மிதிவண்டி மேல் ஆரோகணித்த மாவீரன் யோகராஜ் நீடு வாழ்க. அவன் தலைக்கவசம் வாழ்க. அக்கவசத்தின் வார் அறுந்தபின் அதைத் தாங்கி நிற்கும் சாக்குச் சணலும் வாழ்க. அன்னவன் ஒரு சாலையைத் தேர்ந்தெடுத்த அரும்பெரும் வரலாற்றை யாம் பாடப் புகுந்தோம். நாமகளே, எம் நாவில் வந்து அமர்வாயாக. வரும்போது நால்வழிச்சாலை வழியாக வராதே. அங்கே உன் அன்னத்துக்கு ஒதுங்க இடமில்லை.

யோகராஜின் இல்லக்கிழத்தி ஜெயப்பிரியா. கழுகுமலைப் பக்கம் ஆட்டுக்கிடை போடும் குடியில் பிறந்து, குட்டி தப்பியோடி ஏறிய பாறைகளிலெல்லாம் தானும் ஏறி வளர்ந்தவள். ஏற்றம் அவளுக்கு வாசற்படி. பாம்புக்கு அஞ்சாள், மாமியார்க்கும் அஞ்சாள். ஆயினும், முதுகுப்புறம் ஒரு லாரி ஹாரன் அடித்துவிட்டால் அந்த வீரத்திருமகளின் கால்கள் மிதிகட்டையை மறக்கும்; கைகள் பிரேக்கை மறக்கும்; வண்டியும் அவளும் தனித்தனியே நிலம் சேர்வர். யோகராஜ் அவளுக்கும் ஒரு மிதிவண்டி வாங்கித் தந்து அழைத்துச் சென்ற முதல் உலாவில் ஒரு டீக்கடைக்குள் வண்டியோடு புகுந்தாள். இரண்டாம் உலாவில் எட்டயபுரம் சாலையில் இறங்கி, மூன்று கிலோமீட்டர் உருட்டிக்கொண்டே வீடு திரும்பினாள். திரும்பி, குழம்பைக் கூட்டி அடுப்பில் வைத்தபின், திருவாய் மலர்ந்து இவ்வாறு பிரகடனம் செய்தாள்:

"இன்னும் ஒரே ஒருக்கா வாரேன். அப்பவும் லாரி வந்துச்சுன்னா அத்தோட சரி. சைக்கிள எங்கக்கா மவ முத்துசெல்விக்குக் குடுத்துருவேன். பெறகு நீங்க ஒத்தையிலயே சுத்துங்க."

ஒத்தையிலே என்ற அந்தச் சொல் யோகராஜின் நெஞ்சில் வேலாய்ப் பாய்ந்தது. ஈராண்டுக் காலம் ஞாயிறுதோறும் அவன் தனியே சுற்றியவன். நடுச்சாலையில் தோகை விரித்து நின்ற மயிலைக் கண்டும், "அங்கன பாரு" என்று சொல்ல ஒரு ஆள் இல்லாமல், மயிலிடமே அதைச் சொல்லிவிட்டுத் திரும்பியவன். அந்தத் துயரம் பெரிது. இதை யாம் பகடியாகச் சொல்லவில்லை.

ஆகவே படையெடுப்புத் தொடங்கியது. மார்கழித் திங்களின் நான்கு ஞாயிறுகளிலும், அதிகாலைப் பனியில் மஃப்ளர் சுற்றி, யோகராஜ் தன்னந்தனி ஒற்றனாய்த் திசைகளை ஆராயப் புறப்பட்டான். எட்டயபுரம் சாலை முன்னரே தோற்றுப்போன களம். கழுகுமலைச் சாலையில் தீப்பெட்டி பண்டல் ஏற்றிய லாரிகள் யானைப்படை போல் அணிவகுத்தன. முதல் ஞாயிறே அச்சாலை தள்ளுபடியாயிற்று. காட்டுக்குள் போகும் வண்டிப்பாதையில் லாரி இல்லை, பஸ் இல்லை, உண்மையே. ஆனால் முந்தின இரவு பெய்த சிறுதூறலில் கரிசல் மண் இளகிச் சக்கரத்தில் அப்பிச் சக்கரமும் சட்டமும் ஒன்றே என்னும் அத்துவித நிலையை எய்தியது. இரண்டாம் ஞாயிறு அவ்வாறு கழிந்தது. மூன்றாம் ஞாயிறு குருமலைத் திசையில், பொத்தை என்று இவ்வூரார் அழைக்கும் பாறைக்குன்றுகள் இரண்டுக்கு நடுவே ஏறி இறங்கும் ஒரு தார்ச்சாலையை அவன் கண்டான். கண்டவன் அங்கேயே ஒரு கல்லின் மேல் அமர்ந்து, இரண்டு மணி நேரம் தவம் இருந்தான்.

அத்தவத்தில் அவன் கண்ட போக்குவரத்தாவது: பால்காரர் ஒருவர், டி.வி.எஸ். ஒன்று, வெள்ளாடு பதினொன்று. நான்காம் ஞாயிறும் சென்று அமர்ந்தான். பால்காரர் மட்டும் வந்தார், அவரும் இவனைக் கண்டு ஐயுற்று, "யாரு பிள்ள? சர்வே ஆளா?" என்று வினவிச் சென்றார். ஏற்றம் கண்ட இடத்தில் லாரி ஏறாது. ஏற்றத்துக்கு என் மனையாள் அஞ்சாள். எனவே வென்றேன் என்று யோகராஜ் முடிவு செய்தான். மார்கழி முடிந்தால் தை பிறக்கும் என்பதும், தை பிறந்தால் இந்தப் பூமியில் உளுந்து அறுப்பார்கள் என்பதும், ஆண்டு முழுவதும் மாட்டுக்கு உளுந்தந்தூசியே விற்கும் அவன் நினைவுக்கு வரவில்லை. பெரிய தளபதிகளுக்கு இப்படித்தான் நேர்ந்துவிடுகிறது.

தை மாத ஞாயிறு, காலை ஏழு மணி. வானில் கொஞ்சம் மேகம். முன்னே யோகராஜும் பின்னே ஜெயப்பிரியாவுமாகப் பொத்தைச் சாலையில் புகுந்தனர். காற்றைத் தவிர ஓசையில்லை. முதல் ஏற்றத்தில் தளபதி மூச்சு வாங்கி இறங்கி உருட்டினான்; ஜெயப்பிரியா இறங்காமல் ஏறி, மேலே நின்று அவனுக்காகக் காத்திருந்தாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அதைப் பார்த்த யோகராஜ் தன் நான்கு ஞாயிறுகளும் பலித்தன என்று எண்ணினான். இரண்டாம் ஏற்றத்தின் பாதியில்தான் சாலை மறைந்தது.

ஆம், மறைந்தது. இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரை, ஐம்பது அடி நீளத்துக்கு, பிடுங்கிக் காய்ந்த உளுந்தஞ்செடி முழங்கால் உயரம் பரப்பிக் கிடந்தது. போகிற வருகிற வண்டிச் சக்கரம் ஏறி நெற்று தெறிக்கட்டும் என்று இப்படிப் போடுவது இவ்வட்டாரத்து வழக்கம். யோகராஜ் அதில் நுழைந்தான். கொடி சுற்றிச் சங்கிலி நின்றது. ஜெயப்பிரியா இறங்கித் தன் வண்டியை ஓரமாகச் சாய்த்தாள். வேலி நிழலில், முழங்காலில் துணி சுற்றியபடி, உளுந்துக்குடையவள் சொர்ணத்தாய் உட்கார்ந்திருந்தாள்.

"சைக்கிளா," என்றாள் சொர்ணத்தாய். ஒற்றைச்சொல் ஏமாற்றம் போதாமல் மேலும் சொன்னாள். "நேத்து மதியத்துலருந்து உக்காந்துருக்கேன் தாயி. ஒரு லாரி, ஒரு டிராக்டரு வரமாட்டேங்குது. எந்தப் பய சொன்னானோ இந்த ரோட்டுல போடுன்னு. மேகம் வேற கூடுது. மழ விழுந்துச்சுன்னா அம்புட்டும் முளச்சிப் போகும்."

யோகராஜ் தேடித் தேடிக் கண்டெடுத்த சாலையின் பெருமையும், சொர்ணத்தாயின் சாபமும் ஒன்றேயாக இருந்தன. அவன் குனிந்து சங்கிலியில் சுற்றிய கொடியைப் பிடுங்கலானான். ஜெயப்பிரியா வானத்தைப் பார்த்தாள். அவள் பிறந்த வீட்டிலும் ஒரு வருடம் இப்படி உளுந்து நனைந்தது. அந்த வருடம் நான்கு ஆடுகளை விற்றார்கள்.

அப்போதுதான் கேட்டது அந்தப் பேரோசை. பொத்தையின் உச்சியிலிருந்து, அப்பால் ஊரில் உர மூட்டை இறக்கிவிட்டு வெறும் வண்டியாய், தகரம் அதிர, புழுதி எழ, ஊழிக்காலத்துக் கருமேகம் சக்கரம் பூட்டி வந்தாற்போல் இறங்கியது ஒரு லாரி. ஹாரன் ஒருமுறை முழங்கியது. "பயப்படாத, ஓரமா நில்லு" என்று மனைவிக்கு அபயம் அளித்தபடியே மாவீரன் யோகராஜ் தன் புரவியோடு ஒரே பாய்ச்சலில் பக்கத்துச் சீமைக்கருவேலம் புதருக்குள் பாய்ந்தான். முள்ளின் கடமையை முள் செய்தது.

லாரி, பரப்பிய செடியைக் கண்டு, சக்கரம் வழுக்கும் என்று அஞ்சி, இடப்புறத் தரையில் இறங்கி ஒதுங்கிப் போக வளைந்தது. "ஐயய்யோ, ஒதுங்கிப் போறானே," என்று சொர்ணத்தாய் எழ முயன்றாள், முழங்கால் எழவில்லை. ஜெயப்பிரியா சாலையின் நடுவே போய் நின்றாள். கால் நடுங்கியது, யாம் அருகில் இருந்து பார்த்தோம், நன்றாகவே நடுங்கியது. ஆனாலும் வலக்கையை நீட்டினாள். பத்துச் சக்கரமும் ஒருசேர நின்றன.

"அண்ணாச்சி, ஒதுங்காதீங்க. உளுந்து மேல ஏத்தி ஓட்டுங்க."

ஓட்டுநர் சங்கரபாண்டி தலையை வெளியே நீட்டி, நடுங்கும் அவளையும், நீட்டிய கையையும் பார்த்தார். ஏற்றி ஓட்டினார். நெற்றுகள் படபடவென வெடித்தன. "பின்னால வாங்க," என்றாள். பின்னால் வந்தார். "அந்த ஓரம் இன்னும் தெறிக்கல. கொஞ்சம் இடப்பக்கம் ஒடிங்க. ஆங், போதும். இன்னொருக்கா." ஏழு முறை அந்த லாரி அவள் கைக்கு முன்னும் பின்னும் நடந்தது. ஐந்தாம் முறைக்குப் பின் அவள் கால் நடுங்கவில்லை. சொர்ணத்தாய் உட்கார்ந்த இடத்திலிருந்தே கும்பிட்டாள். யாரைக் கும்பிட்டாள் என்பது அவளுக்கே தெரியாது.

புதரிலிருந்து மீண்ட யோகராஜின் இரு டயரிலும் காற்று இல்லை. சட்டை முதுகில் முள் இருந்தது. ஜெயப்பிரியா அதை ஒவ்வொன்றாகப் பிடுங்கியபடி, ஒரு பெரிய இரகசியத்தைக் கண்டவள் போல மெதுவாகச் சொன்னாள்.

"கைய காட்டினா நிக்குதுங்க."

சங்கரபாண்டி இரக்கம் கொண்டார். "கோவில்பட்டிக்குத்தான் போறேன். ரெண்டு சைக்கிளையும் பின்னால போட்டுட்டு ஏறுங்க," என்றார்.

"அவிய ஏறட்டும் அண்ணாச்சி. நீங்க முன்னால போங்க, நான் பின்னாலயே வாரேன்."

எண்டிசையும் வியக்க, பொத்தைகள் இரண்டும் தலைகுனிந்து வழிவிட, தை மேகம் வெண்கொற்றக்குடை பிடிக்க, உளுந்துத் தூசி பொற்சுண்ணமெனப் பொழிய, நான்கு ஞாயிறு ஒற்றறிந்த தளபதியும் அவன் தேவியும் ஒரு காலைப் பொழுதின் பெரும்போர் முடித்து நகர் நோக்கித் திரும்பிய அந்தத் திருக்கோலத்தை எவ்வாறு உரைப்போம்.

யோகராஜ் லாரியில் வந்தான். ஜெயப்பிரியா சைக்கிளில் வந்தாள்.