எழுபத்தொன்றாம் நம்பர் வானம்

"புகை என்ன கலர்?" என்று தீயணைப்பு நிலையத்தில் போனை எடுத்தவர் கேட்டிருக்கக் கூடாது.

முப்பத்திரண்டு வருடம் பெயிண்ட் கடையில் நிறம் சேர்த்துக் கொடுத்த மனிதரிடம் கேட்கிற கேள்வியா அது?

"வெள்ளைன்னு சொல்ல முடியாது, சாம்பல்னும் சொல்ல முடியாது. நூத்திப் பதினெட்டுக்கும் நூத்திப் பத்தொன்பதுக்கும் நடுவுல நிக்குது. ஓரத்துல லேசா ஒரு மஞ்சள் அடிக்குது. ஈர அட்டைப்பெட்டி எரிஞ்சா அப்படித்தான்..."

"சார், தீ எங்க சார்?"

"எதிர்க் கட்டடத்து மொட்டை மாடி. தண்ணித் தொட்டிப் பக்கம்."

பத்தாவது நிமிடம் வண்டி அலறிக்கொண்டு வந்தது. தொப்பி போட்ட ஆறு பேர் பதினைந்து மாடி ஏறிப் போனார்கள். மேலே நான்கு தொட்டிகள், ஒரு பம்பு அறை, அந்த அறைக்கு ஒரு ஆப்பரேட்டர். "இங்க என்ன சார் எரியும், தண்ணியா?" என்று அந்த ஆப்பரேட்டர் கேட்டானாம். ஆறு பேரும் இறங்கிவிட்டார்கள்.

போன் செய்தவருக்குக் கடையில் ஷேடுக்காரர் என்று பெயர். உதிர்ந்த சுவரின் நகத்தளவு சில்லைக் கொண்டுவந்து கொடுத்தால், வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு நம்பரைச் சொல்லிவிடுவார். விலைக்கு முதலாளியோடு அரைநாள் மல்லுக்கட்டுகிறவர்கள்கூட நிறத்துக்கு இவரோடு மல்லுக்கட்டியதில்லை.

இப்போது கடை இல்லை. மனைவியும் இல்லை. மகள் விமானத்தில் ஒன்பது மணி நேரத் தூரத்தில் இருந்துகொண்டு, அப்பாவுக்குப் பதினேழாவது மாடியில் ஒரு வீடு வாங்கிக் குடிவைத்திருந்தாள். எல்லா ஜன்னலும் பக்கத்துச் சுவரைப் பார்த்தன. பால்கனி மட்டும் வானத்தைப் பார்த்தது.

தினமும் காலை ஆறரைக்கு அங்கே போய் நிற்பார். நிறங்களுக்கு நம்பர் போட்ட பழைய ஷேடு கார்டைக் கை நீட்டி உயரப் பிடித்து, இப்படியும் அப்படியும் ஆட்டி, வானத்தோடு ஒட்டிப் பார்ப்பார். நோட்டில் எழுதுவார்: வானம் 142. கிரேன் மூன்று. புதுக் கட்டடம் இருபத்திரண்டாவது தளம். கிழக்கே ஆலைப் புகை, மெலிவு. கீழே நடமாடும் மனிதர்களை எழுதமாட்டார். மனிதர்கள் ஷேடு கார்டில் கிடையாது.

நம்பரை மகளுக்கு அனுப்புவார். அவள் ஒரு கட்டைவிரலைத் திருப்பி அனுப்புவாள். அன்றைக்குப் பேச வேண்டியது அத்தோடு முடிந்துவிடும்.

போன மாதம் காய்ச்சல் வந்து நான்கு நாள் படுக்கையிலேயே கிடந்தார். யாருக்கும் தெரியாது. ஐந்தாம் நாள் காலை, பால்கனிக் கதவின் கண்ணாடி வழியாகத்தான் அந்தப் புகையை முதன்முதலாகப் பார்த்தார். போர்வையோடு எழுந்து ஓடினார். "அறிவிருக்கா, மாடில எவன்டா நெருப்பு வைக்கிறது?" என்று கத்தினார். அப்புறம்தான் அந்தப் போன்.

அடுத்த வாரம் கால் வலியில் அசந்து தூங்கியவர் விழித்தபோது மணி ஏழேகால். அதே இடம், அதே நூற்றுப் பதினெட்டரை. ஓடிப்போய்க் கத்திவிட்டுப் போனை எடுத்தார்.

"மறுபடியும் நீங்களா சார்?" என்றது அதே குரல்.

"நானேதான். இப்போ மஞ்சள் கொஞ்சம் கம்மி."

வண்டி வந்தது. புகை போய்விட்டிருந்தது. இந்தத் தடவை தொப்பிக்காரர்கள் இவர் கட்டடத்துக்கும் வந்து, குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள்.

செயலாளர் பல் டாக்டர். பதில் சொல்ல முடியாத ஆட்களிடமே பேசிப் பழகியவர். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கமாட்டார்.

"என்ன சார் பிரச்சினை? நல்லாத் தூங்குறீங்களா? சரி. கண்ணு எப்போ செக் பண்ணீங்க? பண்ணிடுங்க."

"கண்ணா? டாக்டர், உங்க சட்டை நாப்பத்தாறு. காலர் மட்டும் வெளுத்து நாப்பத்தஞ்சு. என் கண்ணைச் சொல்றீங்களே! என்கூட உக்காந்து பாருங்க. ஒரு வாரம்."

"ஒரு வாரமா? கிளினிக்கை யாரு பாப்பா? ஒரு நாள்."

"அஞ்சு."

"ரெண்டு. அதுக்கு மேல பேசாதீங்க."

"மூணு நாள், டீயோட."

"டீயோடவா... சரி, மூணு."

அந்த வீட்டில் இரண்டாவது டம்ளரைத் தேடிக் கண்டுபிடிக்க அவருக்குக் கால் மணி நேரம் ஆனது.

மூன்று நாளும் ஆறு மணிக்கே இருவரும் பால்கனியில் உட்கார்ந்தார்கள். ஷேடுக்காரர் ஒவ்வொரு கோபுரத்தையும் அறிமுகப்படுத்தினார். எந்தக் கட்டடத்துக்கு எந்த வருடம் எந்த நம்பர் அடித்தார்கள், எது வெயிலில் துரோகம் செய்தது என்று சொன்னார். மூன்று மாதத்துப் பேச்சை மூன்று காலையில் பேசித் தீர்த்தார். புகை மட்டும் வரவில்லை. ஒரு இழைகூட.

"சார், மூணு நாள் முடிஞ்சுது. டீ பிரமாதம்" என்று டாக்டர் எழுந்து போனார்.

நான்காம் நாள் அலுப்பில் ஏழரை வரை தூங்கிவிட்டார். எழுந்தால், புகை! லிஃப்ட் பிடித்து டாக்டர் வருவதற்குள் அது கலைந்துவிட்டது.

"இப்போதான் டாக்டர் இருந்துது! நான் இல்லாத நேரமாப் பாத்து வருது. என்னைக் கண்டா ஓடிடுது."

"உங்களைக் கண்டா ஓடுதா?" என்றார் டாக்டர். முதல்முறையாகப் பதிலுக்குக் காத்திருந்தார். அதுதான் பயமாக இருந்தது.

சரி, கிட்டத்தில் பார்த்து ஆளைப் பிடித்துவிடலாம் என்று ஷேடுக்காரர் போனிலேயே ஒரு பைனாகுலர் வரவழைத்தார். புகை சிக்கவில்லை. எதிர்க் கட்டடத்துப் பெண்கள் சிக்கினார்கள், அதாவது அவர்கள் கண்ணில் இவர் சிக்கினார். பதினான்கு பேர் கையெழுத்துப் போட்ட புகார் சங்கத்துக்கு வந்தது. சங்கம் கூடியது. பால்கனிக்குக் கீழிருந்து மேல்வரை வெள்ளை மறைப்பு ஷீட் அடிப்பது என்று ஏகமனதாகத் தீர்மானமானது.

மகளுக்குப் போன் செய்தார். கட்டைவிரலுக்குப் பதில் குரலே வந்தது. நியாயமாகப் பார்த்தால் அவர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

"அப்பா, டாக்டர் எல்லாத்தையும் சொல்லிட்டார். ஷீட் போட்டுக்கட்டும்பா. கொஞ்ச நாளைக்குத்தானே?"

"வானம் தெரியாதேம்மா."

"வானத்துல என்னப்பா இருக்கு?"

"காலைல எந்திரிக்க ஒரு வேலை இருக்கும்மா" என்று அவர் சொல்ல வாயெடுத்தபோது அந்தப் பக்கம் வேறு அழைப்பு வந்து, லைன் துண்டானது.

வெள்ளிக்கிழமை மாலை இரண்டு பேர் வந்து துளை போட்டு, ஷீட்டை முடுக்கிவிட்டுப் போனார்கள். மூன்று கிரேனும், இருபத்தாறாவது தளத்தைத் தொட்டிருந்த கட்டடமும், ஆலைப் புகையும் ஒரே நேரத்தில் காணாமல் போயின.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு, பழக்கதோஷத்தில், அங்கே போய் நின்றார். ஷீட்டை நோக்கிக் கார்டைத் தூக்கிப் பிடித்தார். மகளுக்கு அனுப்பினார்: "இன்று வானம் 71. நாளையும் 71."

கட்டைவிரல் வந்தது.

உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

எட்டு மணிக்குக் கதவை யாரோ உடைப்பதுபோலத் தட்டினார்கள். டாக்டர், ஒரு கன்னத்தில் சவர நுரையோடு நின்றார்.

"சார்! உங்க புகை!"

"என் புகையா?"

"மொத்தக் கட்டடமும் பாத்துக்கிட்டு நிக்குது சார்! மொதல்ல கொஞ்சமா வந்துது. இப்போ பாத்தா கறுப்பா, மலையாட்டம்!"

"என்ன கறுப்பு?" என்று கேட்டுக்கொண்டே ஷேடுக்காரர் செருப்பைத் தேடினார். "நீலம் பாஞ்ச கறுப்பா, பழுப்பு பாஞ்ச கறுப்பா?"

"கறுப்பு கறுப்பு சார், வாங்க!"

அவர் கீழே இறங்கி மாதங்கள் ஆகியிருந்தன. தெரு ஒரே கூட்டம். "இவர்தான் அன்னைக்கே சொன்னவரு" என்று யாரோ வழிவிட்டார்கள். தீயணைப்பு வண்டி வந்து நிற்க, தொப்பிக்காரர்களின் பின்னாலேயே இருவரும் எதிர்க் கட்டடத்தின் மொட்டை மாடிக்கு ஏறினார்கள்.

தொட்டிகளுக்கு நடுவே ஒரு பழைய மெத்தை எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் முகமெல்லாம் கரியாகப் பம்பு ஆப்பரேட்டர் நின்றான். அவன் தீயைப் பார்க்கவில்லை. கண்ணில் நீர் வழிய, தெருவுக்கு அந்தப் பக்கம் பதினேழாவது மாடியில் புதிதாக முளைத்திருந்த வெள்ளை ஷீட்டையே வெறித்துக்கொண்டிருந்தான்.

"இவன்தான்! இவனேதான்!" என்று ஷேடுக்காரர் கத்தினார். "அறிவிருக்காடா உனக்கு?"

அந்தக் குரலைக் கேட்டதும் அவன் திரும்பினான். மேலும் கீழும் ஒருமுறை பார்த்தான். அப்படியே தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

"அப்பாடா, இருக்கீங்களா! தினம் காலைல அட்டையைத் தூக்கிக் காட்டி எனக்கு குட்மார்னிங் சொல்ற ஒரே ஆளு நீங்கதான் சார்; ஏழு மணிக்குள்ள நீங்க வரலைன்னா பயந்துபோய்க் கொஞ்சூண்டு புகை போடுவேன், நீங்க திட்டிக்கிட்டே ஓடி வந்ததும் அணைச்சிடுவேன்; இன்னைக்கு நான் படுக்குற மெத்தையையே கொளுத்தியும் நீங்க வரலையே சார்!"