நாற்பத்து மூன்றாவது பொட்டு

மாரண்டஹள்ளி,
வெள்ளிக்கிழமை இரவு, மணி பதினொன்றே முக்கால்.

பாசமுள்ள சோபனா அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் வெண்மதி, ஒன்பதாம் வகுப்பு, பயத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே அம்மா, அப்பா, நான், பட்டறையிலுள்ள மில்லிங் மெஷின் எல்லோரும் சுகம். ஓசூரில் நீங்களும் மாமாவும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டும். மெஷின் சுகம் என்று எழுதியது மட்டும் பொய். நானும் அவ்வளவு சுகமில்லை. போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுவதால் வரிகள் மலை ஏறும், மன்னிக்கவும். அப்பாவிடம் மட்டும் சொல்லாதீர்கள்.

போனில் சொல்ல முடியாது அத்தை. அப்பாவின் போன் அவர் தலையணைக்கு அடியில் தூங்குகிறது. அம்மாவின் போனில் பேசினால் காரிமங்கலம் சந்தை வரைக்கும் கேட்கும், எழுதி அனுப்பினால் எது எழுதினாலும் நம் குடும்ப குரூப்புக்குத்தான் போகும், குளியலறைக் குழாய் ஒழுகும் படம் போன மாதிரி. அதனால் இந்தக் கடிதம் விடியற்காலை ஓசூருக்குக் கிளம்பும் அனீஸ் அண்ணனின் தக்காளி வேனில் வரும். லேசாக நசுங்கியிருந்தால் அது தக்காளி, அழுகை இல்லை.

போன பொங்கலுக்கு வந்தபோது நீங்கள் எனக்கு அந்த மெஷினில் இருக்கும் அளவுப் பட்டையைக் காட்டினீர்களே, அந்த நீளப் பெட்டி, உள்ளே கண்ணாடி, கண்ணாடி முழுக்க முடியைவிட மெல்லிய கோடுகள், ஒரு பக்கம் குட்டி விளக்கு, எதிர்ப்பக்கம் அந்த வெளிச்சத்தைப் பார்க்கிற ஒரு கண், மேஜை நகர நகர வெளிச்சம் இருட்டு வெளிச்சம் இருட்டு என்று அது எண்ணிக்கொண்டே போகும், அந்த எண்ணிக்கைதான் மேலே பச்சை எழுத்தில் தெரிகிற நம்பர் என்று. கண்ணாடியில் அழுக்குப் படிந்தால் கண்ணுக்கு வெளிச்சம் குறையுமே என்று கேட்டேன். குறைய விடாது, விளக்கு தன்னைத்தானே கூட்டிக்கொள்ளும், கண்ணுக்கு எப்போதும் ஒரே அளவு வெளிச்சம் போகும், வெளியே யாருக்கும் தெரியாது, இனிக் கூட்ட முடியாது என்கிற இடம் வந்த பிறகுதான் எண்ணிக்கை தப்பும் என்றீர்கள். அன்று இரவு கனவில் நான் ஒரு கண்ணாடி ரோட்டில் நடந்தேன். ஒரு அடி வெளிச்சம், ஒரு அடி இருட்டு. எண்ணிக்கொண்டே பாலக்கோடு தாண்டிவிட்டேன், காலே வலிக்கவில்லை.

இனிமேல் எழுதப்போவதுதான் விஷயம். ஆயுத பூஜைக்குப் பட்டறையைக் கழுவும்போது மெஷின் ஓட்டும் பூபதி மாமா அந்தப் பெட்டியின் மூடியைக் கழற்றி வைத்திருந்தார். பொட்டு வைக்கும் வேலை எனக்கு. நான் சந்தனத்தைக் கரைத்துக்கொண்டு ஸ்பேனர், டிரில், வைஸ், சுவிட்ச் போர்டு, பூபதி மாமா வண்டி, என் கணக்குப் புத்தகம், ஓடப் பார்த்த பூனை என்று ஒன்றையும் விடாமல் வைத்துக்கொண்டே வந்தேன், எனக்குப் பின்னாலேயே அப்பா விபூதியும் கற்பூரமுமாக வந்தார், கடைசியில் மெஷின் முன்னால் நின்றபோது எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டு மெஷினின் கண்ணுக்கு வைக்காமல் போனால் அது மனசில் என்ன நினைக்கும் என்று தோன்றியது. மூடி திறந்திருந்தது, கையை நீட்டிக் கண்ணாடியிலேயே வைத்துவிட்டேன். நாற்பத்து மூன்றாவது பொட்டு. கண்ணாடியில் எந்த இடம் என்று நினைவில்லை, அந்த நேரம் கரண்ட் போய்விட்டது.

இரண்டு வாரம் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் நம்பர் வழி மறக்க ஆரம்பித்தது. பூஜ்ஜியத்தில் கிளம்பி ஒரு முழு ஓட்டம் ஓடித் திரும்பினால் பூஜ்ஜியத்துக்கு வராமல் பக்கத்து வீட்டில் போய் நிற்கிறது. பம்ப் கம்பெனிக்கு அனுப்பிய இருபத்தாறு பீஸும் ஓட்டை தள்ளிப் போயிருக்கிறது என்று திரும்பி வந்துவிட்டன. அப்பா மெஷினை ஒன்றும் சொல்லவில்லை. அது நீங்கள் பார்த்து வாங்கிக் கொடுத்த மெஷின், அது தப்பு செய்யாது. அவர் பூபதி மாமாவைத்தான் பார்த்தார்.

"ஏப்பா பூபதி, கண்ணு தெரியலீன்னா வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"நம்பரு நல்லாத்தான் தெரியுதுங்கண்ணா."

"தெரியறதுதான் வந்து குமிஞ்சி கெடக்குதே."

பத்தொன்பது வருஷமாக அந்த மெஷினை ஓட்டுகிறவர் அத்தை அவர். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்த் தன் கண்ணைத் தானே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார். அவர் வீட்டில் தினமும் பொன்னாங்கண்ணிக் கீரை, காலையில் கேரட், மதியம் மறுபடியும் கீரை. தர்மபுரிக்குப் போய்க் கண் காட்டியதில் டாக்டர் வயசுக்கு இது நல்ல கண் என்றிருக்கிறார், இவர்தான் விடாமல் ஏதாவது கொடுங்க என்று கேட்டு ஒரு கண்ணாடி வாங்கி வந்திருக்கிறார். அதைப் போட்டதிலிருந்து தரை பக்கத்தில் வந்துவிட்டதாம். நிலாவில் நடக்கிறவர் போல ஒவ்வொரு காலையும் உயரத் தூக்கி வைத்துப் பட்டறைக்குள் மிதந்து வருகிறார், அவர் வருவதைப் பார்த்துப் பூனை வழி விடுகிறது. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்த பிறகு சாப்பிட முடியவில்லை. நேற்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்ன பாத்தாலும் சரியாத்தான் தெரியுதுக்கா. அதான் பயமா இருக்குது."

வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு அவருக்குக் கணக்கு முடிக்கிறார் அப்பா. திங்கட்கிழமை பாலக்கோட்டிலிருந்து வேறு ஆள். பூபதி மாமா மண்டியில் தக்காளி தரம் பிரிக்கப் போகிறாராம், அங்கே சிவப்பு தெரிந்தால் போதும் என்கிறார். என் பொட்டால்தான் எல்லாம் என்று நான் வாயைத் திறக்கவில்லை. பூஜையில் வைத்த பொட்டைத் தப்பு என்று சொன்னால் அப்பா அடிக்க மாட்டார், ஒரு வாரம் பேசமாட்டார், அது எனக்கு அடியைவிடப் பெரிது. அதனால்தான் அப்பாவிடம் சொல்லாதீர்கள் என்கிறேன்.

நேற்று எல்லோரும் தூங்கிய பிறகு அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அந்த விளக்கின் வெளிச்சம் நம் கண்ணுக்குத் தெரியாது, போன் கேமராவுக்குத் தெரியும் என்று நீங்கள் டிவி ரிமோட்டில் காட்டியிருக்கிறீர்கள். பெட்டியின் அடியில் ரப்பர் இடுக்கில் கேமராவை வைத்தேன். வெளியே மழை மூட்டம், தெருவே பஞ்சுக்குள் இருந்தது. போனுக்குள் ஊதா நிறத்தில் ஒரு மின்மினி. கைப்பிடியை மெதுவாகச் சுற்றினேன். மின்மினி ஒரே அளவாக நகர்ந்தது, நடுவுக்கு வந்ததும் பெரிதாயிற்று, இன்னும் பெரிதாயிற்று, என்னவோ அதன் முகத்தில் யாரோ துணியைப் போட்டு மூடியது போலவும், அது முடிந்த மட்டும் கண்ணை விரித்துப் பார்ப்பது போலவும். அப்புறம் பச்சை நம்பர் நடுங்கியது. அத்தனை நாளும் அது யாரிடமும் சொல்லாமல் தனியாகக் கஷ்டப்பட்டிருக்கிறது அத்தை. எனக்கு அதனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருந்தது, கேட்டேன்.

நானே துடைத்திருப்பேன். ஆனால் கண்ட துணியால் துடைத்துத்தான் பாதிக் கண்ணாடி கீறல் விழுந்து உங்களிடம் ரிப்பேருக்கு வருகிறது என்றீர்களே. ஆகவே ஞாயிறு காலைக்குள் உங்கள் துடைக்கும் மருந்தோடு, சும்மா பார்க்க வந்ததுபோல வரவும். வந்து தூசி படிந்திருக்கிறது என்று மட்டும் சொல்லவும். பொட்டு என்று சொல்ல வேண்டாம். மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன், அப்பாவிடம் சொல்லாதீர்கள்.

மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் காலைத் தொட்டதாக நான் நினைத்துக்கொள்கிறேன், என் தலையில் கை வைத்ததாக நீங்களும் நினைத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தப்பு செய்த
வெண்மதி

பின்குறிப்பு: மணி இப்போது ஒன்றேகால். மனசு கேட்காமல் மறுபடியும் போய், திருகாணி நான்கையும் கழற்றி மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டேன். என் பொட்டு இடது ஓரத்தில், கண் போகவே போகாத மூலையில், வைத்தது வைத்தபடி வட்டமாகக் காய்ந்து இருக்கிறது. நடுவில் இருப்பது விபூதி. குழைத்துப் போட்ட பட்டை, எண்ணெய் குடித்து ஊறிப்போயிருக்கிறது, சின்ன இடம் என்பதால் விரல்களை நெருக்கிப் போட்டிருக்கிறார். மூன்றாவது கோடு கடைசியில் கீழே சரிகிறது. பிரஸ்ஸில் மாட்டி மோதிர விரல் வளைந்தவர் நம் வீட்டில் ஒருவர்தான், தினமும் அவர் நெற்றியில் அந்தக் கோட்டை நீங்களும் பார்த்து வளர்ந்தவர். நான் எதையும் தொடவில்லை, மூடியைத் திரும்பப் போட்டுவிட்டேன். மேலே அப்பாவிடம் சொல்லாதீர்கள் என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறேன். மூன்றையும் அடித்துவிடவும். ஞாயிறு காலை வந்ததும் முதலில் அப்பாவிடம்தான் சொல்ல வேண்டும், பூபதி மாமாவைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு, அவர் அந்தப் புதுக் கண்ணாடியைக் கழற்றிய பிறகு.