ஏழு குடும்பங்கள் சாட்சி சொன்ன வீடு

நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு மனித குலம் செய்த அடுத்த பெரிய காரியம், தாம்பரத்தை அடுத்த சேலையூரில் வாடகை ஏறாத ஒரு வீட்டைக் கட்டியதுதான். சரித்திரப் புத்தகம் எழுதுகிறவர்கள் இதை இன்னும் கவனிக்கவில்லை. அவர்களெல்லாம் சொந்த வீட்டுக்காரர்களாக இருக்க வேண்டும்.

இந்தச் சாதனையின் நாயகர் தசரதன். அவர் தாத்தா காலத்தில் அந்த நிலத்தில் மூன்று போகம் நெல் விளைந்தது. பேரன் காலத்தில் மூன்று மாடி விளைந்திருக்கிறது. வாசலில் ஒரு நீலப் பலகை. மேலே புறா படம். அதன் கீழே இப்படி எழுதியிருக்கும்: "நிலை வாடகை இல்லம். நீங்கள் குடியிருக்கும் காலம் முழுவதும் வாடகை ஒரு ரூபாய்கூட ஏறாது. ஏழு குடும்பங்களின் நற்சாட்சி பெற்றது."

அந்தப் பலகையைப் பார்த்து நடுரோட்டில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுக் கைகூப்பியவர் ஜீவானந்தம். பின்னால் வந்த தண்ணி லாரிக்காரன் திட்டியது அவர் காதில் விழவே இல்லை. பாவம், அவருக்குக் கைகூப்பக் காரணம் இருந்தது. ஐந்து வருடத்தில் நான்கு வீடு. குரோம்பேட்டை, சிட்லபாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் என்று வாடகை பின்னால் துரத்த, மனுஷன் முன்னால் ஓடிக்கொண்டே இருந்தார். மகள் அனுப்பிரியா பத்தாம் வகுப்புக்குப் போகப் போகிறாள். மனைவி கனகவல்லி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

"பப்ளிக் எக்ஸாம் முடியற வரைக்கும் இந்தப் பொண்ணு ஒரே ஜன்னல் பக்கத்துல உக்காந்து படிக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம். இதைக்கூடப் பண்ண முடியலைன்னா, நீங்க இருபது வருஷமா போல்ட்டை அளந்து என்ன பிரயோஜனம்?"

ஜீவானந்தம் ஒரு போல்ட் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. சுண்டுவிரல் நீளமுள்ள ஒரு போல்ட்டுக்குப் பதினேழு சோதனை வைப்பவர். அவர் பலகையை நம்பி ஏமாறுகிற ஆள் இல்லை என்பதை இங்கே பதிவு செய்தாக வேண்டும்.

தசரதனும் நம்பச் சொல்லவில்லை.

"வாயால சொல்றவன் நானில்ல சார். விசாரிச்சுக்குங்க. நல்லா விசாரிச்சுக்குங்க. இதுக்கு முன்னாடி இருந்தவங்க ஏழு பேரு நம்பரும் இதுல கீது" என்று லேமினேட் செய்த அட்டை ஒன்றை நீட்டினார். அதிலும் புறா இருந்தது.

ஜீவானந்தத்துக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னைச் சோதிக்கச் சொல்லித் தானாக முன்வந்த முதல் வீட்டுக்காரர்! அன்றே "வாடகை நிலைத்தன்மை ஆய்வுப் படிவம், திருத்தம் இரண்டு" என்று தலைப்பிட்டுப் பதினேழு கேள்விகள் தயாரித்தார். திருத்தம் ஒன்று என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். கம்பெனி வழக்கம் அது. திருத்தம் ஒன்றை எவனும் மதிக்க மாட்டான்.

அட்டையிலிருந்த ஏழு பேருக்கும் போன் செய்தார், ஏழு பேரும் முதல் மணியிலேயே எடுத்தார்கள். லீவு போட்டுவிட்டு ஆய்வுக்குக் கிளம்பினார். முதல் சாட்சி யேசுதாசன், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஸ்கிரீன் மாட்டப் பழைய கம்பி பேரம் பேசிக்கொண்டிருந்தார். "ஒவ்வொரு வீட்டு ஜன்னலும் ஒவ்வொரு சைஸு சார்" என்று அலுத்துக்கொண்டவர், வீட்டுக்காரர் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து நின்றார்.

"நாங்க இருந்தவரைக்கும் ஒரு ரூபா ஏத்தல சார். சத்தியமா."

அனகாபுத்தூரில் எட்மண்ட். ஜீவானந்தம் கேட்டுக்கு வெளியே இருக்கும்போதே, "நாங்க இருந்தவரைக்கும் ஒரு ரூபா ஏத்தல" என்று மாடியிலிருந்து குரல் கொடுத்தார். கூடுவாஞ்சேரியில் பொன்னுசாமி, கயிறு பிரிக்காத அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அதையே சொன்னார். சொன்னதோடு, "எழுதியே தரேன், சொன்னேன்னு மட்டும் ஓனர்கிட்ட மறக்காம சொல்லிடுங்க" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொண்டார். மீதி நான்கு பேரும் போனில் அதே வாக்கியம், அதே சத்தியம்.

ஏழு சோதனையில் ஏழும் பாஸ்! கம்பெனியில் ஏழு போல்ட் இம்மி பிசகாமல் ஒரே அளவு காட்டினால் ஜீவானந்தம் முதலில் கருவியைத்தான் சந்தேகப்படுவார். ஆனால் அது போல்ட், இவர்கள் மனிதர்கள்.

பதினேழு கேள்வியில் ஒரு கேள்வி மட்டும் இல்லை. "ஏன் காலி பண்ணீங்க?" என்பது அது. அவர் மறந்துவிட்டார் என்று நினைத்தால் அவரை நீங்கள் அவமதிக்கிறீர்கள். ஒரு குடித்தனக்காரன் இன்னொரு குடித்தனக்காரனைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டான். கேட்டால் பதிலுக்கு அவன் கேட்பான். "கட்டுப்படி ஆகல" என்று நாலு தடவை சொல்லிக் கூசிப்போன மனுஷன், இன்னொருத்தரை அந்த இடத்தில் எப்படி நிறுத்துவார்? நாகரிகம் என்று ஒன்று இருக்கிறதல்லவா!

ஏப்ரல் கடைசியில் பால் காய்ச்சினார்கள். பதினொரு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். பதினொரு மாதம் என்பது ஊர் வழக்கம். முடிந்ததும் இன்னொரு பதினொன்று எழுதுவார்கள், ரசத்தில் பெருங்காயம் மாதிரி கொஞ்சம் ஏற்றுவார்கள், அவ்வளவுதான். இங்கே அந்த ஏற்றமும் கிடையாதே!

அதற்குப் பிறகு வந்தது பொற்காலம். பால் விலை ஏறியது, பெட்ரோல் ஏறியது, ஜீவானந்தத்துக்குச் சர்க்கரைகூட ஏறியது. வாடகை அசையவில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி தசரதன் வருவார்.

"ஏத்தினேனா சார்?"

"இல்லைங்க."

"ஏத்துவேனா?"

"மாட்டீங்க."

இந்த வழிபாடு முடிந்துதான் வாடகையை வாங்கிக்கொள்வார். அனுப்பிரியா ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். கனகவல்லி கல்யாணமான நாளுக்குப் பிறகு முதல் தடவையாகப் புருஷனைப் பாராட்டி ஒரு வார்த்தை பேசினாள்.

மார்ச் மாதம். கணக்குப் பரீட்சை முடிந்து, அறிவியலுக்கு அனுப்பிரியா படித்துக்கொண்டிருந்த சாயங்காலம், தசரதன் அரைக் கிலோ மைசூர்பாகோடு வந்தார்.

"ஒப்பந்தம் முடியுது சார். ஒண்ணாந்தேதி சாவிய குடுத்துடுங்க. தங்கமான ஃபேமிலி. மனசே வரல."

ஜீவானந்தம் பாதி கடித்த மைசூர்பாகைப் பெட்டியிலேயே திருப்பி வைத்தார். "சார், பொண்ணுக்கு இன்னும் ரெண்டு பரீட்சை இருக்கு சார்! ஒப்பந்தத்தைப் புதுப்பிச்சுக்கலாமே?"

"புதுப்பிச்சா நீங்க பழைய ஆளு. வெலவாசி கீற நெலமைல பழைய ஆளுக்கு வாடகைய ஏத்தணும். ஏத்தினா என் போர்டு இன்னா ஆவறது?"

"ஏத்திக்குங்க சார்! எவ்வளவு வேணும்னாலும் ஏத்திக்குங்க!"

தசரதன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "இன்னா வார்த்த சார் சொல்லிட்டீங்க! நானா? வாடகைய ஏத்தறதா? எங்க வம்சத்துலயே கெடியாது!" நிஜமாகவே அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டு விளக்கினார். "வாடகைய ஏத்தறது பாவம் சார். ஆள மாத்திக்கலாம். புது ஆளு, புது வாடகை. எட்மண்ட் குடுத்தத விட நீங்க நாலாயிரம் ஜாஸ்தி குடுத்தீங்க. நான் ஏத்தினேன்னு எட்மண்ட் சொன்னாரா?"

"சொல்லல."

"நீங்களும் சொல்ல மாட்டீங்க. ஏன்னா நான் ஏத்தல."

தர்க்கத்தில் ஓட்டை இல்லை. ஜீவானந்தம் தேடிப் பார்த்தார்.

"அட்வான்ஸ்?" என்றார் ஈனஸ்வரத்தில். அந்தப் பணம் கைக்கு வந்தால்தான் அடுத்த வீட்டுக்குக் கொடுக்க முடியும்.

"நாளைக்கு புது பார்ட்டி உங்கள விசாரிக்க வர்றாரு. உண்மைய மட்டும் சொல்லுங்க, அது போதும். அவரு அட்வான்ஸ் குடுத்ததும் உங்களுது உங்க கைக்கு வந்துடும். பெயின்ட் அடிக்கிற கணக்க மட்டும் அப்புறமா பாத்துக்கலாம்."

அன்று ராத்திரி போன் போட்டுக் கேட்டதில், யேசுதாசனுக்குப் பெயின்ட் கணக்கு ஆறு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். ஏழு பேரும் போனை முதல் மணியிலேயே எடுத்தது ஏன் என்று ஜீவானந்தத்துக்கு அப்போதுதான் விளங்கியது.

மறுநாள் ஹரிபிரசாத் என்பவர் வந்தார். மெலிந்த மனுஷர், சட்டைப்பையில் இரண்டு பேனா. கையில் லேமினேட் அட்டை, கூடவே ஒரு படிவம். "வாடகை நிலைத்தன்மை ஆய்வுப் படிவம், திருத்தம் இரண்டு." ஒப்பந்தம் போட்ட அன்று ஜீவானந்தத்திடம் ஆசையாய்க் கேட்டு வாங்கியதைத் தசரதன் ஜெராக்ஸ் போட்டு வைத்திருக்கிறார்.

"ஓனரே குடுத்தார் சார். எவ்வளவு நேர்மை பாருங்க! பையன் அடுத்த வருஷம் ப்ளஸ் டூ. அதான், ஒரே இடத்துல இருந்து படிக்கட்டும்னு" என்றார் ஹரிபிரசாத்.

அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் அனுப்பிரியா அறிவியல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். கனகவல்லி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள். ஜீவானந்தம் பதினேழு கேள்விக்கும் உண்மையான பதில் சொன்னார். கடைசியில் அந்த வாக்கியம், யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவர் வாயில் வந்தது.

"நாங்க இருந்தவரைக்கும் ஒரு ரூபா ஏத்தல சார். சத்தியமா."

ஹரிபிரசாத் எழுந்தார். வாசல் வரை போய்த் திரும்பினார். "சார், தப்பா நினைக்கலைன்னா ஒண்ணு... நீங்க ஏன்..." என்று இழுத்தவர், கட்டி வைத்திருந்த மூட்டைகளைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். "வேணாம் சார். அது உங்க பர்சனல்."

நாகரிகமான மனுஷர்.

அவர் தெருமுனை திரும்பியதும் அனுப்பிரியா கேட்டாள். "அப்பா, அவர் என்ன கேட்க வந்தார்னு தெரியும்ல?"

"தெரியும்மா."

"சொல்லியிருக்கலாம்ல?"

"கேள்வித்தாள்ல இல்லாததுக்குப் பதில் எழுதக் கூடாதும்மா. போய்ப் படி."

அவள் படிக்கவில்லை. கனகவல்லி கரண்டியை நங்கென்று மேடையில் வைத்த சத்தம் கேட்டது.

ஒன்றாம் தேதி காலை. சாமான்களை ஏற்றிய வண்டி கூடுவாஞ்சேரிக்குக் கிளம்பத் தயாராக நின்றது. அனுப்பிரியா டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து சமூக அறிவியல் படித்துக்கொண்டிருந்தாள். அட்வான்ஸ் வந்து சேர்ந்திருந்தது, பெயின்ட் கணக்கு நீங்கலாக. வாசலில் பெயின்டர் ஒருவர் ஏணி போட்டு, பலகையில் "ஏழு" என்பதை அழித்து "எட்டு" என்று எழுத ஆரம்பித்தார்.

"சார், ஏணி ஆடுது. கொஞ்சம் புட்ச்சுக்குறியா?"

ஜீவானந்தம் வண்டியிலிருந்து இறங்கிப் போய்ப் பிடித்துக்கொண்டார். தரக்கட்டுப்பாட்டில் இருபது வருட அனுபவம். எழுத்து காய்கிற வரைக்கும் ஏணி இம்மிகூட ஆடவில்லை.