அன்பு அளவீட்டுப் படிவம்

அன்புக்கு விலை நிர்ணயித்து அதை ரசீதுடன் வசூலித்த முதல் நிறுவனம் என்ற பெருமை எங்கள் ஊர்க் கால்பந்துக் கழகத்தையே சேரும். ஞானிகளும் காதலர்களும் முயன்று கைவிட்ட காரியம் அது. கழகமோ ஒரே ஒரு படிவத்தைக் கொண்டு மூன்றே வாரத்தில் அதைச் செய்து முடித்தது. அந்த மகத்தான பணிக்குத் தோள் கொடுத்தவர் ரசிகர் சங்கத்தின் செயலாளர். அவருக்குச் சிலை வைக்க வேண்டும் என்று சிலர் பேசிக்கொள்கிறார்கள். வைத்தால் காக்காய்க்காவது உபயோகப்படும்.

செயலாளர் தொழிலால் முடி திருத்துபவர். பஸ் நிலையத்துக்குப் பின்னால் இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, ஒரு பெஞ்சு கொண்ட அவருடைய சலூன்தான் சங்கத்தின் ‘தலைமைச் செயலகம்’. சுவரில் கட்டணப் பட்டியலை அவரே சிவப்புப் பெயின்டில் எழுதியிருந்தார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஒரே ஒரு விசேஷம், புள்ளி வருகிற இடத்திலெல்லாம் ஒரு குட்டிக் கால்பந்து வரைந்துவிடுவார். ‘ஷேவிங்’கில் ஒரு பந்து, ‘கட்டிங்’கில் இரண்டு பந்து. அவர் எழுதிய எதையும் ஊரில் யாரும் அடையாளம் காணத் தவறியதில்லை.

டிக்கெட் விலையை அவர் தலைக்கணக்கில்தான் சொல்வார். அவர் சங்கத்தில் சேர்ந்த காலத்தில் மூன்று தலை வெட்டினால் ஒரு ஆட்டம் பார்க்கலாம். போன வருஷம் பதினொரு தலை ஆகியிருந்தது. கழகம் விலையை ஏற்றுகிற வேகத்துக்கு ஊரில் முடிதான் வளர மாட்டேன் என்றது.

இருபத்தாறு வருஷமாக வடக்கு வரிசையில் எண்பத்தேழாம் இருக்கை அவருடையது. எண்பத்தெட்டு, மச்சானுடையது. மச்சான் என்றால் மனைவியின் அண்ணன், பஸ் பட்டறையில் மெக்கானிக். அதிகம் பேசாத மனிதர். கோல் விழுந்தால்கூடக் கத்த மாட்டார். பக்கத்தில் இருக்கும் மாப்பிள்ளையின் தொடையில் ஓங்கி ஒரு அறை விடுவார், அவ்வளவுதான். நம் அணி நன்றாக ஆடிய வருஷங்களில் செயலாளர் நொண்டி நொண்டித்தான் முடி வெட்டினார். அந்த வலி இல்லாத வாரம் அவருக்கு வாரமாகவே தோன்றாது.

இப்படியிருக்கையில்தான் கழகத்திலிருந்து ‘அன்பு அளவீட்டுப் படிவம்’ வந்தது. மொத்தம் ஏழு கேள்வி. முதல் ஆறும் பெயர், வயது, ஜெர்ஸி அளவு என்கிற ரகம். ஏழாவதுதான் கேள்வி: “எந்த விலைக்கு மேல் போனால் நீங்கள் ஆட்டத்துக்கு வர மாட்டீர்கள்?”

சங்கத்தின் அவசரக் கூட்டம் சலூனில் கூடியது. இடமில்லாமல் பாதிப் பேர் தெருவில் நின்றார்கள்.

“எவ்வளவு அடிச்சா அழுவேன்னு கேக்கிற மாதிரி இருக்கே இது,” என்றார் சங்கத்தின் துணைச் செயலாளரான தையற்காரர்.

“இது ஒரு சோதனை. நம்ம விசுவாசத்தைப் பார்க்கிறாங்க,” என்றார் செயலாளர். “ஒரு தொகையை எழுதினோம்னு வையுங்க, கிழக்கு வரிசைக்காரன் நம்மளப் பார்த்துச் சிரிப்பான்.”

“அப்ப என்னதான் எழுதறது?”

செயலாளர் சோப்பு நுரையை விரலில் தொட்டுக் கண்ணாடியில் எழுதினார்: ‘உயிர் போனாலும் வருவேன்.’ கைதட்டல் அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. நாற்காலியில் பாதி முகம் மழித்த நிலையில் இருந்த ஒருவர்கூட எழுந்து நின்று தட்டினார். பிறகு அத்தனை பேரும் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் எழுதினார்கள். பள்ளிக்கூடத்தில் இந்த ஒழுங்கு இருந்திருந்தால் எங்களில் பாதிப் பேர் பாஸாகியிருப்போம்.

மச்சான் பட்டறையிலிருந்து தாமதமாக வந்தார். கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைப் பார்க்காமல், பெஞ்சின் மூலையில் உட்கார்ந்து எழுதினார். நாலாக மடித்து மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

எல்லோரும் போன பிறகு செயலாளர் அதைப் பிரித்துப் பார்த்தார். “இதுக்கு மேல ஏத்தினா என்னால வர முடியாது. வர ஆசைதான்,” என்று எழுதியிருந்தது.

செயலாளருக்கு முகம் சுண்டிப்போயிற்று. முந்நூற்றுப் பதினோரு சிங்கங்களுக்கு நடுவே இப்படி ஒரு முனகலா? அதுவும் செயலாளரின் சொந்த மச்சானிடமிருந்தா? பாவம், அவருக்கு எழுதிப் பழக்கமில்லை, மனசில் இருப்பது ஒன்று, கையில் வந்தது ஒன்று என்று தீர்மானித்தார். படிவத்தைக் கிழித்து, கீழே கிடந்த முடியோடு முடியாகக் கூட்டிக் குப்பைக் கூடையில் போட்டார். புதிய படிவம் எடுத்து மச்சான் சார்பில் தானே நிரப்பினார். அடுத்தவர் பெயரில் தியாகம் செய்யும்போது கை தாராளமாகிவிடுகிறது. “சோறு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, உயிர் போனாலும் வருவேன்” என்று எழுதினார். ஏழு பந்து.

மூன்று வாரத்தில் புதிய விலை வந்தது. ஒரு டிக்கெட்டுக்கு முப்பத்தொரு தலை.

செயலாளரும் தையற்காரரும் தூதுக்குழுவாகக் கழக அலுவலகத்துக்குப் போனார்கள். கண்ணாடி அறை, உட்கார்ந்தால் எழ முடியாத சோபா. எதிரே ‘ரசிகர் அன்பு மற்றும் வருவாய் மேலாளர்’ கைகூப்பி வரவேற்றார்.

“இது அநியாயம் சார்,” என்றார் செயலாளர். “சாதாரண ஜனங்க எப்படி வருவாங்க?”

“உயிர் போனாலும் வருவாங்க,” என்றார் மேலாளர் மிகுந்த மரியாதையுடன். “நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க.”

“அது ஒரு பேச்சுக்கு எழுதறது சார்.”

“முந்நூத்திப் பன்னிரண்டு பேரும் ஒரே பேச்சைப் பேசியிருக்கீங்க. உண்மையைச் சொல்றேன், நாங்க இதுல பாதிதான் ஏத்தலாம்னு இருந்தோம். உங்க அன்பைக் குறைச்சு மதிச்ச மாதிரி ஆயிடக் கூடாதேன்னுதான் முழுசா ஏத்தினோம்.”

“முடியாதுன்னு சொல்றவங்களுக்கு வழியே இல்லையா?” என்று தையற்காரர் கேட்டார்.

“ஏன் இல்லாம? கழக விதி பதினாலு இருக்கே. ஒரே ஒரு ரசிகர் ‘என்னால முடியாது’ன்னு படிவத்துல எழுதினாலும் அந்த வரிசைக்கு ஒரு வருஷம் விலையை ஏத்தக் கூடாது. நாங்களும் தேடித் தேடிப் பார்த்தோம் சார். ஒருத்தர்கூட எழுதலை.”

செயலாளர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். மேலாளர் கொடுத்தார், அதற்குக் கட்டணம் வாங்கவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

அந்த வாரமே மச்சான் தன் இருக்கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“அண்ணன் இனிமே வரலையாம்,” என்றாள் மனைவி. “வீட்டு வாடகையையும் பார்க்கணும்ல. முடியாதுன்னு எழுதிக் கொடுத்தாராம், யாரும் படிக்கலை போலிருக்குன்னு சொல்றாரு.”

“படிச்சிருப்பாங்க,” என்றார் செயலாளர். அந்த மாதத்தில் அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

அடுத்த ஆட்டத்துக்கு முன் மச்சான் ஒரு தடவை முடி வெட்டிக்கொள்ள வந்தார். சொல்லிவிடலாம் என்று செயலாளர் மூன்று முறை வாயைத் திறந்தார். மூன்று முறையும் “தலையைக் கொஞ்சம் குனிங்க மச்சான்” என்றுதான் வந்தது. கத்தி அவர் கையில்தான் இருந்தது, ஆனாலும் பயந்தது அவர்தான்.

புதிய விலையில் முதல் ஆட்டம். செயலாளர் டிக்கெட் வாங்கிவிட்டார். வாங்க மாட்டார் என்று எதிர்பார்த்தவர்கள் ரசிகர்களைப் பற்றி எதுவும் அறியாதவர்கள். கடையைப் பூட்டும்போது மச்சான் வழக்கம்போல வாசலில் நின்றார்.

“கேட் வரைக்கும் நடக்கிறதுக்கு டிக்கெட் கேக்க மாட்டாங்கல்ல,” என்றார்.

இருவரும் நடந்தார்கள். மைதானத்தின் வெளிச்சுவரில் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு விளம்பரப் பலகை புதிதாக நின்றது. ‘வடக்கு வரிசை, இருக்கை 88, பஸ் மெக்கானிக் எழுதுகிறார்’ என்று மேலே அச்செழுத்து. அதன் கீழே, படிவத்திலிருந்து அப்படியே பெரிதாக்கிய கையெழுத்து: ‘சோறு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, உயிர் போனாலும் வருவேன்.’ ஏழு பந்தும் ஒவ்வொன்றும் பஸ் டயர் அளவுக்கு இருந்தது.

மச்சான் அண்ணாந்து ஒரு முறை படித்தார். பிறகு இன்னொரு முறை, பந்துகளை மட்டும்.

“உன் கையெழுத்து நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை,” என்றார். “இவ்வளவு பெரிசாப் போட்டும் அழகு குறையலை.”

“மச்சான், நான் என்ன நினைச்சேன்னா…”

“நான் எழுதினது எங்க?”

“குப்பையில போட்டுட்டேன் மச்சான். முடியோட.”

மச்சான் தலையை ஆட்டினார். கோபப்பட்டிருந்தால் செயலாளருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“விசில் அடிக்கப் போறாங்க. உள்ள போ.”

“நீங்க இல்லாம நான் எப்படிப் போறது?”

“உயிர் போனாலும் போகணும்ல, எழுதிக் கொடுத்திருக்கியே,” என்று சொல்லிவிட்டு மச்சான் திரும்பி நடந்தார்.

மானமுள்ளவன் என்றால் அங்கேயே டிக்கெட்டைக் கிழித்திருப்பான். செயலாளரும் கிழிக்கத்தான் எடுத்தார். முப்பத்தொரு தலைகளும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. உள்ளே போய்விட்டார்.

பத்தாவது நிமிஷத்திலேயே நம் அணி கோல் போட்டது. மைதானமே எழுந்து குதித்தது. செயலாளர் மட்டும் தொடையை இறுக்கிக்கொண்டு காத்திருந்தார். எந்த அறையும் விழவில்லை. இருபத்தாறு வருஷத்தில் அவருக்கு அவ்வளவு வலித்த கோல் வேறில்லை.

எண்பத்தெட்டில் ஒரு வெளியூர்க்காரர் இருந்தார். கழுத்தில் புதுத் துண்டு, அதில் விலைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

“இதுல எது நம்ம டீம் சார்?” என்று கேட்டார். செயலாளர் காட்டினார். வெளியூர்க்காரர் தொடர்ந்தார்: “வெளிய போர்டுல சோறு வேண்டாம்னு எழுதியிருக்காரே, அவரோட சீட்டாம் இது. அதுக்காகவே கூடுதல் விலை வெச்சிருக்காங்க. உங்களுக்கு அவரைத் தெரியுமா?”

“அதை எழுதினது நான்தான்,” என்றார் செயலாளர். சலூனில் வராத வாக்குமூலம், சம்பந்தமே இல்லாதவரிடம் சரளமாக வந்தது.

வெளியூர்க்காரர் பூரித்துப்போய்த் தன் டிக்கெட்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். செயலாளர் போட்டார். கை தன் பழக்கத்தில் பந்துகளையும் போட்டது.

ஆகவே இந்தக் கதையின் முதல் வரியைத் திருத்த வேண்டியிருக்கிறது. அன்புக்கு விலை வைத்த பெருமை கழகத்தைச் சேராது. கழகம் கேட்டது ஒரு கேள்விதான். விலையைச் சொன்ன பதிலில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் பெயர் இருக்கிறது. என்னுடையது நூற்றுத் தொண்ணூறாவது.